பிறந்த இடத்திலேயே தொலையும் மின்சாரம்

கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கமாகக் களனி ஆற்றை நோக்கிப் போனால், ஆற்றின் தென்கரையில் களனிதிஸ்ஸ மின் நிலையம் நிற்கிறது. 1960களின் தொடக்கத்தில் இங்கே தலா 25 மெகாவொட் வலுவுள்ள இரண்டு நீராவி இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. 1980க்குப் பிறகு தலா 20 மெகாவொட் வாயுச் சுழலிகள் வந்தன. 1997 இல் 115 மெகாவொட் வாயுச் சுழலி ஒன்று சேர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 165 மெகாவொட் கூட்டுச்சுற்று நிலையம் எழுந்தது. நாற்பது ஆண்டுகளின் தொழில்நுட்பம் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்துக் குடியேறிய கதை இது.

ஒரே மதிலுக்குள் நின்றாலும் இந்த இயந்திரங்களின் பசி ஒன்றல்ல. மின் பொறியியலாளர்கள் அதை ‘வெப்ப வீதம்’ என்ற ஒரே எண்ணால் அளக்கிறார்கள். ஓர் அலகு மின்சாரத்தில் இருக்கும் சக்தி 860 கிலோ கலோரி. அந்த ஓர் அலகைப் பிறப்பிக்க எத்தனை கிலோ கலோரி எரிபொருளை எரித்தோம் என்பதே வெப்ப வீதம். 4,000 கிலோ கலோரி எரிக்கும் இயந்திரத்தின் வினைத்திறன் 21.5 வீதம். பழைய சிறு வாயுச் சுழலிகள் இந்த அளவை ஒட்டியே நிற்கும். அதே வேலையை 2,000 கிலோ கலோரியில் முடிக்கும் கூட்டுச்சுற்று இயந்திரத்தின் வினைத்திறன் 43 வீதம். ஒரே கப்பலில் வந்து இறங்கிய டீசல் ஒரு குழாயால் போனால் ஒரு பங்கு மின்சாரம், பக்கத்துக் குழாயால் போனால் இரண்டு பங்கு. வெள்ளவத்தையில் இருக்கிற ஒருவருடைய கரண்ட் பில்லில் இந்த வித்தியாசம் எந்த வரியிலும் அச்சாவதில்லை. ஆனால் அவர் கட்டும் பணத்தில் அது இருக்கிறது.

மின்சாரத்தைச் சேமியுங்கள் என்ற அறிவுரையை நாங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வருகிறோம். விளக்கை அணை, குளிரூட்டியை 26 பாகையில் வை, இரவு உச்ச நேரத்தில் உடுப்பு அழுத்தாதே என்பதெல்லாம் பாவனையாளருக்குச் சொல்லப்பட்டவை. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் நிலையத்திடம் இதே கண்டிப்போடு இதே கேள்வியை யார் கேட்கிறார்கள்? டொலர் கொடுத்து வாங்கிய எரிபொருளில் எவ்வளவு அந்த வளவுக்குள்ளேயே வெறும் வெப்பமாகப் போகிறது? அதில் தவிர்க்க முடியாதது எவ்வளவு, கவனக்குறைவால் போவது எவ்வளவு? தவிர்க்கக்கூடியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? மின் நிலையங்களில் சக்தி முகாமைத்துவம் என்று தொழிலில் சொல்லப்படுவது இந்தக் கேள்விகளை நாள்தோறும் கேட்கும் முறைதான்.

இந்தக் கேள்விகள் இலங்கையில் பிந்தி வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950 இல் லக்‌ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு ஆற்றுநீரிலிருந்தே வந்தது. எண்ணெய் எரிக்கும் இயந்திரங்கள் மழை பொய்க்கும் மாதங்களுக்கான காவலாகவே நின்றன. ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடும் இயந்திரம் எவ்வளவு குடிக்கிறது என்று எவரும் அலட்டிக்கொள்வதில்லை. கூப்பிட்டவுடன் ஓடினால் போதும். 1996 ஆம் ஆண்டின் வறட்சி அந்தக் காலத்தை முடித்துவைத்தது. நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. அவசர அவசரமாக டீசல் நிலையங்கள் முளைத்தன. கொழும்புத் துறைமுகத்தில் 60 மெகாவொட் மின் நிலையம் ஒன்று 2000 ஆம் ஆண்டில் மிதவையின் மேலேயே நிறுவப்பட்டது. 2010 இல் கெரவலப்பிட்டியவில் யுகதனவி கூட்டுச்சுற்று நிலையம் முழுமை பெற்றது. 2011 இல் நுரைச்சோலையில் முதல் 300 மெகாவொட் நிலக்கரி இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2014 இல் மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாவொட் ஆயிற்று. காவலுக்கு நின்ற இயந்திரங்கள் முதல் வேலையாட்களாகி விட்டன. ஆனால் அவற்றின் எரிபொருளைப் பற்றிய மனப்பாங்கு காவல் காலத்திலேயே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

2022 ஆம் ஆண்டு அந்த மனப்பாங்குக்குக் கொடுத்த விலையை ஊரே அறியும். மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்ட் நின்று, ஆறாம் ஏழாம் மாடி முதியவர்கள் படியிறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். காலி வீதிக் கடைகளின் முன்னால் ஜெனரேட்டர்கள் உறுமின. செட்டியார் தெரு நகைப்பட்டறைகளில் வேலை பாதி நாளாகச் சுருங்கியது. டொலர் இல்லை, ஆகவே எரிபொருள் இல்லை என்பது உண்மைதான். மசகெண்ணெய் வராமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோது, அங்கிருந்து நப்தா பெறும் களனிதிஸ்ஸ கூட்டுச்சுற்று நிலையமும் அதன் அடிமண்டி எண்ணெயை எரிக்கும் சப்புகஸ்கந்த டீசல் நிலையமும் சேர்ந்தே பட்டினி கிடந்தன. அதன் பிறகு கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. விலையைப் பற்றி நாடு முழுக்கப் பேசினோம். ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. செலவு என்பது இரண்டையும் பெருக்கி வருவது. உலகச் சந்தை விலை எங்கள் கையில் இல்லை. எரிக்கும் அளவு எங்கள் கையில்தான் இருக்கிறது.

நுரைச்சோலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி அங்கே எரிகிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் கப்பல்கள் நெருங்க முடியாது. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மிதவைகளில் இறக்கி, அமைதியான மாதங்களுக்குள்ளேயே முழு ஆண்டுக்கும் குவித்துவைக்க வேண்டும். ஒரு கப்பலில் சுமார் 60,000 தொன் வரும். வினைத்திறனில் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருளை மிச்சம் பிடித்தால் 22,000 தொன். கப்பலில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். மூன்று பங்கு மிச்சம் பிடித்தால் ஒரு கப்பலையே கூப்பிடத் தேவையில்லை.

அந்த ஒரு பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, கொதிகலனை விட்டு ஒடுக்கியின் பக்கம் போக வேண்டும். சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீராவி அங்கே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் மேல் படுகிறது. குழாய்களுக்குள் கடல்நீர் ஓடுகிறது. நீராவி குளிர்ந்து நீராகும்போது அதன் பருமன் சுருங்கி, அறைக்குள் ஏறத்தாழ வெற்றிடம் உண்டாகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. இந்த வெற்றிடம்தான் நீராவியைச் சுழலியின் கடைசிச் சிறகு வரை இழுத்து வேலை வாங்குகிறது. எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் பாதியளவு இந்த இடத்தில்தான் கடலுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி இயற்கையின் விதி, தவிர்க்க முடியாது. ஆனால் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான கடற்பாசி படிந்தாலோ, சிப்பி ஒட்டினாலோ, ஓரத்தில் மயிரிழை அளவு காற்று கசிந்து உள்ளே புகுந்தாலோ வெற்றிடம் தளரும். அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் ஏறினால் வெப்ப வீதம் ஒரு சதவீதம் வரை கெடலாம். எச்சரிக்கை மணி அடிக்காது. இயந்திரம் நிற்காது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓர் எண் சற்றே மாறியிருக்கும், அவ்வளவுதான். அதே 300 மெகாவொட்டைக் கொடுக்கக் கொதிகலன் கூடுதலாகக் கொஞ்சம் நிலக்கரி கேட்கும். அதைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடற்பஞ்சுப் பந்துகளைக் குழாய்க்குள் ஓடவிட்டுத் துடைப்பது, காற்று புகும் இடத்தைத் தேடி அடைப்பது என்பவை பெரும் முதலீடு கேட்கும் வேலைகள் அல்ல. நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். பார்த்ததைச் சொன்னால் கேட்கும் ஒருவரும் வேண்டும்.

கொதிகலனுக்குள்ளும் இதே கதைதான். அடிக்கரி பிடித்த சட்டியில் தண்ணீர் கொதிக்க நேரமாகும் என்பது சமையலறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். கொதிகலன் குழாய்களின் மேல் சாம்பல் படிந்தால் வெப்பம் நீருக்குள் போகாமல் புகையோடு வெளியேறும். புகைபோக்கியால் போகும் வாயுவின் வெப்பநிலை சுமார் 20 பாகை கூடினால் கொதிகலனின் வினைத்திறனில் ஒரு சதவீதம் போயிற்று என்பது தொழிலில் உள்ளவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு.

இன்னொரு செலவு, நிலையம் தனக்கே எடுத்துக்கொள்ளும் மின்சாரம். நிலக்கரியை அரைக்க ஆலை, காற்றை ஊதவும் புகையை இழுக்கவும் மின்விசிறிகள், கொதிகலனுக்கு நீர் அழுத்தப் பெரும் பம்பிகள், கடல்நீரை இறைக்க வேறு பம்பிகள், சாம்பலைப் பிடிக்க மின்படிவுக் கருவி. நுரைச்சோலையின் ஒவ்வோர் இயந்திரமும் 300 மெகாவொட் பிறப்பித்து ஏறத்தாழ 270 மெகாவொட்டையே வெளியே அனுப்புகிறது. மூன்றும் முழுவீச்சில் ஓடும்போது வேலிக்குள் செலவாகும் மின்சாரம், கொழும்புத் துறைமுகத்தில் மிதக்கும் மின் நிலையத்தின் முழு வலுவையும் விட அதிகம்.

இந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாமா? பம்பியும் விசிறியும் இழுக்கும் வலு அவற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு பாதியாகும். விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு முன்னால் கதவை அரைவாசி மூடிக் காற்றைக் குறைப்பது பழைய முறை. வேகமாற்றிக் கருவி பொருத்தி விசிறியின் சுழற்சியையே குறைப்பது புதிய முறை. எட்டு மெகாவொட் மிச்சமானால், ஆண்டுக்கு 6,000 மணித்தியாலம் ஓடும் நிலையத்தில் அது 480 இலட்சம் அலகு. மாதம் 100 அலகு பாவிக்கும் 40,000 வீடுகளுக்கு ஓராண்டு முழுவதும் போதும். புதிதாக ஒரு மின் நிலையம் கட்டக் காணி தேட வேண்டியதில்லை, சுற்றாடல் அறிக்கை வேண்டியதில்லை, கேள்விப்பத்திரத் தகராறு இல்லை.

கொழும்புக்குத் திரும்பினால் பிரச்சினையின் முகம் மாறுகிறது. வாயுச் சுழலி காற்றை விழுங்கி வாழும் இயந்திரம். அது பிறப்பிக்கும் வலுவில் பாதிக்கு மேல் அதன் முன்பக்க அமுக்கியே காற்றை நெருக்கித் தின்றுவிடும். தயாரிப்பாளர் பெயர்ப்பலகையில் பொறிக்கும் வலு 15 பாகைக் குளிரில் கணக்கிடப்படுவது. எங்கள் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது; ஆகவே பெயர்ப்பலகை வலுவில் பத்தில் ஒரு பங்கு அளவு இந்த ஊரில் கிடைக்காது. அதோடு துறைமுகப் பக்கத்து உப்புக்காற்றும் பேஸ்லைன் வீதியின் வாகனப் புகையும் தூசியும் வடிகட்டியைத் தாண்டி அமுக்கியின் சிறகுகளில் ஒட்டும். ஒழுங்காகக் கழுவாவிட்டால் வலு நாளுக்கு நாள் இறங்கும். கழுவினால் பெருமளவு திரும்பி வரும். முழுமையாகக் கழுவுவதற்கு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதே சக்தி முகாமைத்துவத்தின் அன்றாடத் தீர்மானம்: கழுவாமல் ஓடுவதால் வீணாகும் எரிபொருளின் விலை, நிறுத்துவதால் வரும் இழப்பைத் தாண்டும் நாள் எது? அளவீடு இல்லாத நிலையத்தில் இந்தத் தீர்மானம் பழக்கத்தின்படி எடுக்கப்படும். அளவீடு இருந்தால் காசுக் கணக்கில் எடுக்கலாம்.

சுழலியின் வால்பக்கத்தால் வெளியேறும் புகை 500 பாகைக்கு மேல் கொதிக்கும். பழைய சிறு சுழலிகளில் அது அப்படியே வானத்துக்குப் போகிறது. கூட்டுச்சுற்று நிலையத்தில் அதே புகை நீரைக் கொதிக்கவைத்து இரண்டாவது சுழலியை ஓட்டுகிறது. களனிதிஸ்ஸவின் 165 மெகாவொட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இப்படி வெளியே போகவிருந்த வெப்பத்திலிருந்து மேலதிக எரிபொருள் இல்லாமல் வருவது. ஒரு பக்கத்தில் வெப்பத்தை வானத்துக்கு விடும் இயந்திரமும் மறுபக்கத்தில் அதைப் பிடித்து வேலைவாங்கும் இயந்திரமும் ஒரே வளவில் நிற்பதால்தான் களனிதிஸ்ஸவை இந்தத் துறையின் பாடசாலை என்று நினைக்கிறேன்.

பழைய சுழலிகளை உடைத்து இரும்புக்கு விற்றுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. முழு நாடும் இருளும்போது வெளி மின்சாரத்தின் உதவியின்றித் தானாக எழும்பக்கூடிய சில இயந்திரங்கள் தலைநகரின் பக்கத்தில் தேவை. அந்தப் பணிக்கு வேகமே முக்கியம், வினைத்திறன் இரண்டாம் பட்சம். ஆண்டில் எத்தனை மணித்தியாலம் அவை ஓடின, எதற்காக ஓடின என்பதுதான் கேட்க வேண்டியது. வினைத்திறன் கூடிய நிலையம் ஒன்று பராமரிப்புத் தவறிப் படுத்துவிட்டதால் இவை ஓடியிருந்தால், அந்த மேலதிகச் செலவைப் படுத்த நிலையத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

வெயிலில் பிறக்கும் மின்சாரம் வந்தபின் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகியிருக்கிறது. நண்பகலில் கூரைச் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்துக்கு இடம்விட நிலக்கரி இயந்திரங்கள் தணிந்து ஓட வேண்டியிருக்கிறது. தணிந்து ஓடும் இயந்திரம் ஒவ்வோர் அலகுக்கும் கூடுதலாக எரிக்கும். மாலை ஆறரை மணிக்கு உச்சப் பாவனை தொடங்கும்போது எல்லாவற்றையும் மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு முழு நாட்டையும் இருளாக்கியது. விடுமுறை நாள் நண்பகலில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் நிறைந்து, கட்டமைப்பைத் தாங்கிப்பிடிக்கும் பெரிய சுழலிகள் குறைவாக ஓடிய வேளை அது. நுரைச்சோலை இயந்திரங்கள் உடனே திரும்பி வர முடியாததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கூரைத் தகடு வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்துவைக்குமாறு கேட்க நேர்ந்தது. வெயில் இலவசமாகத் தந்ததை அணைத்து, டொலர் கொடுத்து வாங்கிய நிலக்கரியை எரிப்பது வேதனையான நிலைமை. நிலக்கரி இயந்திரத்தை எவ்வளவு தாழ்வாகப் பாதுகாப்பாக ஓட்டலாம், எவ்வளவு விரைவாக ஏற்றலாம் என்று சோதித்து எழுதிவைப்பதும் சக்தி முகாமைத்துவத்தின் பகுதியே. மின்கலமும் நீரேற்று நிலையமும் வரும்வரை அந்த எல்லையை விரிப்பதே கைக்கெட்டிய வழி.

நீர்மின் நிலையத்துக்கும் இந்த ஒழுக்கம் பொருந்தும். நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்போது ஒரு கனமீற்றர் நீர் தரும் மின்சாரம், தாழ்ந்திருக்கும்போது தருவதை விட அதிகம். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீரை வயலும் கேட்கிறது, மின்சாரமும் கேட்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. சக்திச் சேமிப்புக்கென 1985 ஆம் ஆண்டிலேயே ஒரு நிதியம் சட்டத்தால் அமைந்தது. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையை நிறுவியது. பெருமளவு சக்தி பாவிக்கும் இடங்களில் சக்தி முகாமையாளர்களை நியமிப்பதற்கும், தகுதி பெற்ற கணக்காய்வாளர்களைக் கொண்டு சக்திக் கணக்காய்வு செய்விப்பதற்கும் அதில் வழி உண்டு. இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வெடித்த 1979 இல் ஜப்பான் இயற்றிய சட்டத்தின் அடிப்படைச் சிந்தனையும் இதுதான்: சக்தியை விழுங்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் பரீட்சை எழுதித் தேறிய ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். உலகத் தரநிர்ணய அமைப்பு 2011 இல் வெளியிட்டு 2018 இல் திருத்திய ஐஎஸ்ஓ 50001 அந்தச் சிந்தனையை ஒரு முறையாக்கியது. இன்றைய நிலையை அளந்து அடிப்படையாக எழுது, எந்தச் சுட்டியால் முன்னேற்றத்தை அளப்பாய் என்று முதலே சொல், இலக்கு வை, செய்துபார், மறுபடி அள, மேல் நிர்வாகம் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கட்டும் என்பதே அதன் சாரம். சான்றிதழைச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டுவதோடு நின்றுவிட்டால் ஒரு தொன் நிலக்கரியும் மிஞ்சாது.

பக்கத்து நாட்டில் ஒருபடி மேலே போனார்கள். இந்தியா 2001 ஆம் ஆண்டின் சக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012 இல் ஒரு திட்டம் தொடங்கியது. எட்டுத் துறைகளில் 478 பெரும் ஆலைகளுக்கு, ஓர் அலகு உற்பத்திக்கு இவ்வளவுதான் எரிக்கலாம் என்று தனித்தனி இலக்கு விதிக்கப்பட்டது. அவற்றில் 144 அனல்மின் நிலையங்கள். இலக்கைத் தாண்டிச் சேமித்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும்; தவறியவர் அதை விலைக்கு வாங்கி ஈடுசெய்ய வேண்டும். முதல் மூன்றாண்டுச் சுற்றின் மொத்த இலக்கு 66.9 இலட்சம் தொன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு, கிடைத்தது 86.7 இலட்சம். இதில் கவனிக்க வேண்டியது, சீமெந்தும் இரும்பும் இலக்கைத் தாராளமாகத் தாண்டியபோது அனல்மின் துறை தன் இலக்கைச் சற்றுத் தவறவிட்டது. மின் நிலையத்துக்குள் மிச்சம் பிடிப்பது மற்ற ஆலைகளை விடக் கடினம் என்பதற்கு இது சாட்சி. நிலக்கரியின் தரமும் ஓடும் அளவும் நிலையத்தின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. ஆயினும் எண்கள் பொதுவில் வந்ததால்தான் எந்தத் துறை பின்தங்கியது என்பதையே நாம் இன்று பேச முடிகிறது. அங்கே மின்கட்டண ஒழுங்குவிதிகளும் நிலையத்துக்கு ஒரு நியம வெப்ப வீதத்தையும் உட்பாவனைக்கு ஒரு நியம அளவையும் வைக்கின்றன. அதற்கு மேல் எரித்தால் அந்தச் செலவைப் பாவனையாளரின் தலையில் கட்ட முடியாது. குறைவாக எரித்தால் இலாபத்தில் நிலையத்துக்கும் பங்கு, பாவனையாளருக்கும் பங்கு.

எங்கள் குறைபாட்டின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எரிபொருள் செலவு கட்டணத்துக்குள் அப்படியே கடந்துபோகும் ஏற்பாட்டில், வீணாக எரித்ததன் வலி நிலையத்தில் எவருக்கும் தெரியாது. அங்கே உள்ள பொறியியலாளர்கள் திறமைசாலிகள். ஒடுக்கியின் வெற்றிடம் தளர்வதை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களின் வேலை மதிப்பிடப்படுவது இன்று கரண்ட் வந்ததா இல்லையா என்ற ஒரே கேள்வியால். கழுவுவதற்காக இயந்திரத்தை நிறுத்தி, அந்த வேளையில் மின்வெட்டு வந்தால் திட்டு விழும். நிறுத்தாமல் ஆறு மாதம் இரண்டு சதவீதம் கூட எரித்தால் எவரும் கேட்க மாட்டார்கள். அந்த இடத்தில் நானிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வியை மாற்ற வேண்டும்.

கேள்வியை மாற்றினால் விடை மாறும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. 2000 ஆம் ஆண்டளவில் பிறப்பித்த மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கம்பிகளில் தொலைந்தது. மின்மாற்றிகளிலும் நீண்டுபோன தாழ்வழுத்தக் கம்பிகளிலும் திருட்டுத் தொடுப்புகளிலும் அது போயிற்று. அந்த எண் ஆண்டு அறிக்கைகளில் ஒவ்வோர் ஆண்டும் அச்சானது, பத்திரிகைகள் எழுதின, கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள், ஒழுங்குபடுத்துநர் இலக்கு விதித்தார். துணைமின் நிலையங்கள் பாவனை மிகுந்த இடங்களுக்கு நெருங்கி வந்தன. கொட்டாஞ்சேனையிலும் கொள்ளுப்பிட்டியிலும் நிலத்தடிக் கம்பியால் 132 கிலோவோல்ட் மின்சாரம் நகரத்தின் நடுவுக்கே வந்து இறங்கியது. மானிகள் மாறின. இன்று அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உலகத்தின் நல்ல கட்டமைப்புகளோடு ஒப்பிடத்தக்க சாதனை அது. இலங்கை மின்சார சபையின் ஊழியர்களுக்கு இதற்கான பாராட்டு போதிய அளவு கிடைக்கவில்லை.

கம்பியில் தொலைந்ததைக் குறைத்த அதே நிறுவனத்தால் கொதிகலனில் தொலைவதையும் குறைக்க முடியும். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025 இல் வந்த அதன் திருத்தமும் உற்பத்தியையும் கடத்தலையும் விநியோகத்தையும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழி வகுத்திருக்கின்றன. பிரிவினையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் உண்டு. எப்பக்கம் நின்றாலும், உற்பத்தி தனிக் கணக்காகும்போது ஒவ்வொரு நிலையத்தின் எரிபொருளையும் தனித்தனியே எடைபோட இதைவிட நல்ல வேளை வராது. நிலையத்துக்கு ஒரு சக்தி முகாமையாளர். அவர் பராமரிப்புப் பிரிவின் கடைசி மேசையில் இருக்காமல் நிலையத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்பவராகவும், சிறு திருத்தங்களுக்குப் பெறுகைக் குழுவின் மாதக் கணக்கான இழுபறி இல்லாமல் பணம் செலவிடும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். சுயேச்சையான கணக்காய்வு ஆண்டுதோறும் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வோர் இயந்திரத்தின் வெப்ப வீதமும் உட்பாவனையும் மாதந்தோறும் வெளியாக வேண்டும். எந்த நிலையம் எவ்வளவு பிறப்பித்தது என்ற விவரம் இன்று பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

மின்கட்டணம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரில் போயும் சொல்லலாம். பெரும்பாலான கருத்துகள் கட்டணத்தை ஏற்றாதீர்கள் என்ற முறையீடாகவே இருக்கின்றன. அது நியாயமானது, ஆனால் விடை சொல்லாமல் கடந்துபோக இலகுவானது. அடுத்த அழைப்பு வரும்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற வாசகர்கள், தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கங்கள், செட்டியார் தெரு வணிகர்கள் இரண்டே கேள்விகளை எழுதி அனுப்புங்கள். கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு மின் நிலையமும் ஓர் அலகுக்கு எத்தனை கிலோ கலோரி எரித்தது? பிறப்பித்ததில் எவ்வளவை அது தனக்கே எடுத்துக்கொண்டது? தமிழிலேயே எழுதலாம்; தமிழில் பதில் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.